கரிமூட்டத்துக்குப் பிறகு காடு

தென்சென்னை அஸ்தினாபுரத்துத் தெருமுனைகளில் இஸ்திரி வண்டிகள் இன்னும் நிற்கின்றன. சில வண்டிகளில் கேஸ் பெட்டி வந்துவிட்டது. மற்றவை கரியில்தான் ஓடுகின்றன. மூட்டையில் வருவது தேங்காய் ஓட்டுக் கரி என்றால் வளைவைப் பார்த்தே சொல்லிவிடலாம். மரக்கரியாக இருந்தால் அது சீமைக்கருவேலமா, உசிலையா, பாலையா என்று வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. துணி தேய்ப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. கனல் நின்று எரிந்தால் போதும். வறண்ட நிலக் காடுகளைக் காக்க வேண்டியவர்களுக்கோ இது பழைய தலைவலி. மரமாக நின்றவரை இன்ன காட்டில் இன்ன மரத்தை வெட்டினான் என்று வழக்குப் போடலாம். சுட்டு மூட்டையாகக் கட்டிவிட்டால் எடை மட்டுமே மிஞ்சும்.

அஸ்தினாபுரத்துக்குக் கிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. சுமார் 320 ஹெக்டேர். தெற்கே தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகம், அதைத் தாண்டினால் வண்டலூர்க் காப்புக்காடு, வடக்கே கிண்டி. எல்லாம் ஒரே வகைக் காட்டின் துண்டுகள். தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. இருந்தும் பெரும்பாலான மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. வீரை, காசா, பாலை, கருங்காலி, நாவல் ஆகியவை மேலடுக்கு. காரையும் களாவும் சூரையும் கீழே பின்னிக் கிடக்கும். உயரம் அதிகம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பார்த்துவிட்டு வருபவர் இதைக் காடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வெறும் முள்ளுக்காடு என்பார். நம் காலத்தில் இக்காட்டுக்கு நேர்ந்த பாதி அநியாயம் இந்தப் பார்வையிலிருந்தே வந்தது.

இக்காடு ஏன் இப்படிக் குட்டையாக நிற்கிறது என்பதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமல்ல. இது பலமுறை வெட்டப்பட்ட காடு. பட்டணத்து அடுப்பும் ரயிலும் இதைத் தின்றிருக்கின்றன. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் மீட்புப் பணிக்கு இறங்கினால் தப்பான இடத்தில் குழி தோண்டுவோம்.

விறகு பொறுக்குவதும் கரி சுடுவதும் ஒன்றென்று நினைக்கக்கூடாது. தலைச்சுமை விறகுக்குப் போகிற பெண் பெரும்பாலும் காய்ந்த சுள்ளியை எடுப்பாள். அவள் நடந்து திரும்பக்கூடிய தொலைவுதான் அவளுடைய எல்லை. கரிக்காரனுக்கு வேண்டியது உயிரோடு நிற்கும் கனத்த மரம். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, ஈரமண்ணால் பூசி, ஒரு வாயில் தீ வைத்து, காற்றுத் துளைகளை அடைத்தும் திறந்தும் நாள்கணக்கில் புகையவிடுவதுதான் மூட்டம். முதலில் வரும் வெண்புகை பெரும்பாலும் மரத்தின் ஈரம். அது மெலிந்து நீலம் பாரித்தால் கரி பழுத்துவிட்டது என்று பொருள். மண்பூச்சு பிளந்து காற்று புகுந்தால் காலையில் சாம்பல்தான் இருக்கும். ஆகவே இரவும் பகலும் ஆள் காவல் இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும், மண்மூட்டத்தில் காய்ந்த விறகின் எடையில் 10 முதல் 20 சதவீதமே கரியாகத் தேறும். ஒரு டன் கரிக்கு ஐந்து முதல் பத்து டன் விறகு போகிறது.

இவ்வளவு சேதாரத்துக்கும் வியாபாரம் நடப்பது கரியின் எடையால். ஒரே எடையில் கரி விறகைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெப்பம் தரும். நனையாமல் வைத்தால் கெடாது. நூறு மைல் தள்ளி விறகை ஏற்றி வந்தால் வண்டிக் கூலியிலேயே லாபம் போய்விடும். கரிக்கு அது கட்டும். எங்கோ ஒரு நகரத்தின் தேவை, அந்த நகரத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத காட்டைக் காலியாக்க முடிவது இதனால்தான். சோமாலியாவின் வேல மரங்கள் வளைகுடா நாடுகளின் ஹூக்காக்களுக்கும் கறி சுடும் அடுப்புகளுக்கும் கப்பலேறின. அந்த வருமானம் ஆயுதக் குழுக்களுக்குப் போனதால் ஐ.நா. பாதுகாப்புச் சபையே 2012 பிப்ரவரியில் சோமாலியக் கரி ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டிவந்தது. அடுப்புக்கரி பன்னாட்டுப் பாதுகாப்பு விவகாரமாக ஆனது.

நம்மிடம் இதன் முதல் பெரிய அத்தியாயம் பரங்கிப்பேட்டையில் எழுதப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் அங்கே இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து ஆற்று வழியாக வந்தது. உலைக்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். சேலத்துத் தாது மிக நல்ல தாது. இங்கிலாந்துக்கும் இரும்பு போனது. ஆனால் உலை கேட்ட கரியைச் சுற்றுவட்டாரக் காடுகளால் தொடர்ந்து கொடுக்க முடியவில்லை. தென் ஆற்காட்டுக் காடுகள் பின்வாங்கப் பின்வாங்கக் கரியின் தொலைவும் விலையும் ஏறின. நிர்வாகக் கோளாறும் கடனும் சேர்ந்துகொண்டன. 1860களில் அந்த முயற்சி முடிந்துபோனது. இந்தியத் தொழில் வரலாற்றில் ஹீத்துக்கு ஒரு பத்தி கிடைக்கும். வெட்டப்பட்ட காட்டுக்கு அந்தப் பத்தியில் இடம் இருக்காது.

பிறகு ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடியது. தெற்குப் பாதை 1870களில் தாம்பரத்தைத் தாண்டியது. தொடக்கத்தில் இன்ஜின்கள் விறகையே எரித்தன. கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு இந்தத் தேவை முக்கியக் காரணம். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. செங்கல்பட்டு மாவட்டக் குன்றுகளும் மேடுகளும் காப்புக்காடுகளாயின. அவற்றில் பலவற்றின் வேலை பட்டணத்துக்கு விறகு கொடுப்பது. காட்டைக் கூப்பு எனும் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பை ஏலம் விட்டு, அடிமரத்தை ஒட்ட வெட்டி, மறுபடி தழைக்கச் சில பத்தாண்டுகள் விடுவார்கள். இன்று நாம் காணும் குட்டை மரங்களில் பலவும் அடியில் நாலைந்து தண்டுகளாகப் பிரிந்து நிற்பதைக் கவனித்தால் அந்தக் கோடரியின் கணக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல்போய், பேருந்துகளின் பின்னால் கரிவாயு அடுப்பைப் பொருத்தினார்கள். டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்த கேஸ் பிளாண்ட் அக்காலத்தில் பிரபலம். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கரி பஸ் கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் கரிக்கும் ஒரு காடு இருந்தது.

வனச் சட்டத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். இந்திய வனச் சட்டம் 1927-இன் 26-ஆம் பிரிவு, காப்புக்காட்டில் கல் உடைப்பதையும் சுண்ணாம்பு சுடுவதையும் கரி சுடுவதையும் ஒரே உட்பிரிவில் ஒரே மூச்சில் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு மூன்றும் ஒரே தட்டில் இருந்திருக்கின்றன. தென்சென்னையில் கரி சுடுவது ஓய்ந்தது, கல் உடைப்பது ஓயவில்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகள் ஜல்லியாகி நகரத்தின் சுவர்களுக்குள் போய்விட்டன. நன்மங்கலத்தின் நடுவிலேயே பழைய கல்குவாரி ஒன்று குளமாகக் கிடக்கிறது. அதன் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை குடியேறிவிட்டதால் பறவை பார்ப்பவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். கரி சுட்ட காட்டுக்கும் கல் உடைத்த காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே காணலாம். குவாரியில் மண் போய்விட்டது; அங்கே பழைய காடு திரும்ப நெடுங்காலம் ஆகும். கரிக்கு வெட்டிய காட்டில் மண் இருக்கிறது, வேரும் இருக்கிறது.

கரும்பு வெட்டியதும் மறுதாம்பு வருவதைப்போல இக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும். உசிலை, பொரசு, வேப்பாலை, விடத்தலை, காசா எல்லாம் இந்த வகை. ஆண்டாண்டுக் காலமாக ஊன்றிய வேர்த்தொகுதி நிலத்துக்குள் பத்திரமாக இருப்பதால் ஒரு மழை போதும், நாற்றங்காலில் வளர்த்த எந்தக் கன்றும் எட்ட முடியாத வேகத்தில் அது மேலே வரும். கோடையில் கன்றுக்குத் தண்ணீர் லாரி வேண்டும்; கட்டைத்தளிருக்கு வேண்டாம். ஆகவே கரியால் கெட்ட காட்டில் முதல் கேள்வி "எத்தனை கன்று நடலாம்?" என்பதல்ல. "எத்தனை கட்டை உயிரோடு இருக்கிறது?" என்பதே.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் இதை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டினார்கள். மராடி வட்டாரத்தில் வேலை செய்த ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ பல ஆண்டுகள் கன்று நட்டுத் தோற்றவர். 1983 வாக்கில், வயல்களில் புதர் என்று உழவர்கள் ஆண்டுதோறும் வெட்டி எறிந்தவை பழைய மரங்களின் கட்டைத்தளிர்கள் என்பதைக் கண்டுகொண்டார். ஒரு கட்டையில் நாலைந்து நல்ல தளிரை விட்டு மற்றதைக் கழிப்பது, ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வது, முறை இவ்வளவுதான். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை தளர்ந்து, தன் வயலில் காத்த மரம் தனக்கே என்ற நம்பிக்கை உழவருக்கு வந்த பிறகுதான் இது பரவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழிக்கும் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த உரிமையை விட்டுவிட்டால் நைஜர் நமக்குப் பாடமாகாது.

மூட்டம் போட்ட இடம் மட்டும் தனிக் கதை. நாள்கணக்கில் வெந்த மண்ணில் விதையும் வேரும் செத்துப்போகும். சாம்பல் கலந்து காரத்தன்மை ஏறியிருக்கும், கரித்தூள் மண்டியிருக்கும். வட்டமான திட்டாக அது பல ஆண்டுகள் வேறு செடிகளோடு தனித்துத் தெரியும். ஆனால் அது பாழ்நிலம் என்று முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. கானாவில் ஆராய்ந்தபோது பழைய மூட்டத் திட்டுகளில் மண் இளகி, நீர் நன்றாக இறங்கி, மக்காச்சோளம் பக்கத்து நிலத்தைவிட அதிகம் விளைந்திருக்கிறது. நடுவதென்றால் இத்தகைய திட்டுகளில் நடலாம். சுற்றிலும் உள்ள கட்டைகளைத் தோண்டாமல் விட்டால் போதும்.

நடவு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆரோவில்லைப் பாருங்கள். 1968-ல் அங்கே வந்தவர்கள் கண்டது வேரும் கட்டையும்கூட இல்லாத செம்மண் மேடு. மழை அறுத்த ஓடைகள். வரப்புப் போட்டு மண்ணையும் நீரையும் நிறுத்தி, ஆஸ்திரேலிய வேல மரங்களை முதலில் வைத்து நிழல் உண்டாக்கி, அதன் கீழே உள்நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1973-ல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இதில் நல்ல எடுத்துக்காட்டு. விதைகள் கோயில்காடுகளிலிருந்து வந்தன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலை ஒட்டிய காடு போன்றவை, சாமிக்குப் பயந்து கோடரி நுழையாததால் மிஞ்சியவை. வனச் சட்டம் பிறப்பதற்கு முன்பே அந்தப் பயம் வேலை செய்திருக்கிறது. ஆரோவில் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் மண்ணே போன இடத்துக்கான அந்த வைத்தியத்தை, வேர் உயிரோடிருக்கும் நன்மங்கலத்துக்கும் வண்டலூருக்கும் அப்படியே எழுதிக் கொடுப்பது தப்பு.

தாம்பரத்துக் கல்லூரி வளாகம் எனக்கு இதைவிடப் பயனுள்ள சான்றாகப் படுகிறது. 1937-ல் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தபோது கிடைத்தது சேலையூர்க் காட்டு நிலம், 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டு தாவரங்களில் மூழ்கியிருந்த எட்வர்டு பார்ன்ஸ் அங்கே நட்டு வளர்த்த மரங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். என் கணிப்பில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது சுற்றுச்சுவர். கோடரியும் ஆட்டு மந்தையும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே வராமல் இருந்தன. புதர் அடர்ந்து காடாயிற்று. சின்னானும் குயிலும் மரநாயும் பழம் தின்று விதை போட்டன. இன்று புள்ளிமான் மேயும் அந்தப் பகுதிகளுக்கு யாரும் குழி தோண்டிக் கொடுக்கவில்லை.

இனி சீமைக்கருவேலம். இதைக் காமராஜர் காலத்தில் விமானத்தில் தூவினார்கள் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். உண்மையில் அது வந்தது அதற்கு வெகுமுன்பு. சென்னை மாகாண வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் வறண்ட நிலத்துக்கு விறகு மரம் தேடி விதை கேட்டார். 1877-ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். உள்நாட்டுக் காட்டைக் கோடரியிலிருந்து காப்பதற்கென்றே வந்த மரம் அது. ஒரு வகையில் காக்கவும் செய்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் இன்று போடும் மூட்டங்களில் வேகிறது பெரும்பாலும் இதுதான். மழை பொய்த்தால் அந்த ஊர்களில் கஞ்சி ஊற்றுவது கரிமூட்டம். கண்மாயையும் காட்டையும் அடைத்துக்கொண்டதும் அதே மரம்தான். சட்டப்படியான இந்தக் கரியின் மூட்டைகளோடு காட்டு மரக்கரியும் கலந்து போனால் சோதனைச் சாவடியில் நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் நுண்ணோக்கியின் கீழ் தெரியும். கரியான பிறகும் மரத்தின் துளையமைப்பு அழிவதில்லை. தொல்லியலாளர்கள் அகழாய்வுக் கரியை இப்படித்தான் இனம் காண்கிறார்கள். ஜெர்மனியின் தூனன் ஆய்வகம் இதே முறையில் ஐரோப்பியக் கடைகளின் கரிப் பைகளைப் பிரித்துப் பார்த்து, மேலே எழுதியிருந்ததற்கு மாறாக வெப்பமண்டல மரங்கள் உள்ளே கிடந்ததைக் காட்டியது. நம் வனக் குற்ற வழக்குகளிலும் இது வழக்கமாக வேண்டும்.

மூட்டத்தில் வேகும் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். வட மாவட்டங்களில் மரம் வெட்டவும் கரி சுடவும் போனவர்களில் இருளர்கள் ஏராளம். அதுவும் முன்பணத்துக்குக் கட்டுண்டு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள். அதிகாரியின் காலில் விழுந்த முதியவரின் படம் நாடெங்கும் பரவியது. காட்டுக்கும் ஆளுக்கும் ஒரே முதலாளியிடமிருந்து விடுதலை தேவைப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டை தழைக்கும், எது அழுகியது, எந்தக் கொடியின் விதை எந்த மாதம் பழுக்கும் என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்களின் அமைப்பு மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் நடத்திவருகிறது. மீட்புப் பணி என்று வந்தால் கூலிக்குக் குழி வெட்டுபவர்களாக இவர்களைக் கூப்பிடுவதோடு நின்றுவிடுகிறோம். திட்டம் போடும் மேசையில் இடம் இல்லை.

2022 செப்டம்பரில் முதலமைச்சர் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை வண்டலூரில்தான் தொடங்கிவைத்தார். மாநிலத்தின் காடு, மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக்குவது இலக்கு. நல்ல நோக்கம். ஆனால் இலக்கு எண்ணில் வந்தால் வேலையும் எண்ணில்தான் நடக்கும். ஜே.சி.பி. வரும், முள்ளுக்காடு என்று இருப்பதை வழிக்கும். சீமைக்கருவேலத்தோடு அதன் நிழலில் பறவை போட்ட களாவும் காரையும் சேர்ந்து போகும். உசிலைக் கட்டையின் வேர் பெயர்ந்து மேலே வரும். அந்த இடத்தில் வரிசையாகக் கன்று நிற்கும், பெயர்ப்பலகையும் நிற்கும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது மாநிலமெங்கும் நடந்த அவசரமும், அதே ஆண்டில் வந்த இடைக்காலத் தடையும் நினைவிருக்கலாம். ஏரிக்குள் அதை வேரோடு பிடுங்குவதில் எனக்கு மறுப்பில்லை. காப்புக்காட்டுக்குள் ஒரேயடியாக வழிப்பது வேறு சங்கதி. அங்கே திட்டுத்திட்டாக, கையால் வெட்டி, அடியிலிருக்கும் உள்ளூர்ச் செடிக்கு வெயில் விட்டு, அது மேலேறிய பிறகு அடுத்த திட்டுக்குப் போக வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு வேலை. தேர்தல் கணக்குக்கு ஒத்துவராது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியான பிறகு இப்பகுதிக் காட்டின் விளிம்புகள் இன்னும் நெருக்கத்தில் இருக்கின்றன. வேலி ஓரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும், கோடையில் யாரோ வைக்கும் தீயும் கட்டைத்தளிருக்கு இன்றைய கோடரிகள். மூன்று நான்கு மழைக்காலம் தீயும் ஆடும் அண்டாமல் காத்தால் தளிர் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு அதற்கு அதிகம் செய்ய வேண்டியதில்லை. செலவு என்று பார்த்தால் காவலாளின் சம்பளமும் தீத்தடுப்புக் கோடும் வேலியும்தான்.

அரசுத் திட்டங்களில் இதற்குத் தலைப்பே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. தேசியக் காடு வளர்ப்புத் திட்டத்தில் இயற்கை மறுவளர்ச்சிக்கு உதவுதல் என்று ஓர் இனம் இருந்தது. கட்டையைச் சீர்செய்வது, காவல் போடுவது எல்லாம் அதில் வந்தன. அந்த இனத்திலும் ஹெக்டேருக்கு 200 கன்று நட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். தணிக்கைக்கு வந்தவர் எண்ணிப் பார்த்தது அந்த 200-ஐத்தான். தழைத்த கட்டைகளை எண்ணப் படிவத்தில் கட்டம் இருந்ததில்லை.